கம்பளி யார் பக்கம் விலகியது

கோவிந்தசாமி இறந்த செய்தி எனக்கு அரை நாள் தாமதமாக வந்தது. அன்று உறவுக்காரர் வீட்டுக் காரியமாகக் கரியாலூர் போயிருந்தேன். மலையில் செல்போன் சட்டைப்பையில் சும்மா கனக்கும் பொருள். பேருந்து அடிவாரத்துக்கு இறங்கியதும் அது விடாமல் கத்தத் தொடங்கியது. எல்லாம் அவர் மகனின் அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டேன். "சித்தப்பா, உங்களுக்காக ரொம்ப நேரம் வெச்சிக்கினு இருந்தோம். இப்பதான் எடுத்துட்டாங்க" என்றான். பக்கத்து இருக்கையில், அருவியில் குளித்துவிட்டு வந்த பிள்ளைகள் ஈரத் தலையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் ஸ்டூடியோவை அறிந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் கூட்டாளிகள். ஒரே ஒரு கேமராவை வைத்துத் தொழில் தொடங்கியவர்கள். அவர் சென்ட் போடாமல் கடைக்கு வரமாட்டார். வந்தவர்களிடம் பல் தெரியச் சிரிப்பார். அவர்கள் படியிறங்கியதும் அவர்களைப் போலவே நடந்து காட்டுவார். படத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டால் மட்டும் ஆள் வேறு. கழுவிய ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். படத்தைப் பார்க்கமாட்டார், ஓரத்தைத்தான் பார்ப்பார். "கோடு படத்தோட நின்னுச்சின்னா லென்சு பக்கம் பாரு. ஓட்ட போட்ட ஓரம் வரைக்கும் போச்சின்னா பொட்டிக்குள்ள வெளிச்சம் பூந்துக்கிச்சி" என்பார். பொட்டி என்றால் அவருக்குக் கேமரா.

கரியாலூர்க்காரர்கள் சிலருக்கு இது நினைவிருக்கலாம். அங்கே நாங்கள் எடுத்த ஒரு கல்யாணப் படத்தில் மணப்பெண்ணின் தலைக்கு மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. பெண்ணைப் பிடித்த பேய் என்று மாமியார் முடிவு கட்டி, அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சேதி கேட்டதும் கோவிந்தசாமி ஃபிலிமை எடுத்துக்கொண்டு மலைக்குப் பேருந்து ஏறினார். நானும் கூடப் போனேன். வாசலில் நின்றபடியே ஃபிலிமை அந்த அம்மாளின் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"படத்துல வெள்ளையா இருக்கறது ஃபிலிமுல கருப்பா தெரியும். அது படத்தத் தாண்டி ஓரம் வரைக்கும் போவுது, பாரும்மா. இது எங்க பொட்டில ஓட்ட. அடுத்த படத்துல நீ நிக்கிற. உன் தலைக்கு மேலயும் அதே கருப்புதான். உன்ன எந்த வூட்டுக்கு அனுப்பறது?"

கூட்டம் சிரித்துவிட்டது. மாமியாரும் சிரித்தார். அன்று சாயங்காலமே பெண் திரும்பி வந்தாள். எங்கள் கேமரா ஓட்டை என்று மலை முழுக்கப் பேச்சாகி, கொஞ்ச காலம் அங்கிருந்து ஒருவரும் படமெடுக்கக் கூப்பிடவில்லை. நான் திட்டினேன். "ஓட்டன்னா ஓட்டன்னுதான சொல்லணும்" என்றார். தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்வதில் அவருக்கு அப்படி ஒரு வேகம்.

இனி களமருதூர் விஷயம். இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. களமருதூரில் ஒரு காதுகுத்தைப் படமெடுத்துவிட்டு மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். சாலைக்குக் குறுக்கே புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மரத்தைச் சுற்றி ஊர் இளைஞர்கள். அதில் ஏழுமலை என்று ஒரு பையன், கூலி வேலைக்குப் போகிறவன், எங்களைப் பார்த்ததும் மரத்தின் மேல் ஏறி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டான். "அண்ணே, என்ன ஒண்ணு புடிங்கண்ணே. இதுவரிக்கும் எடுத்துக்கினதே இல்ல" என்றான். சுருளில் ஒரே ஒரு படம்தான் மிச்சம். கோவிந்தசாமி எடுத்தார்.

அதோடு ஃபிலிம் சிக்கிக்கொண்டது. திருப்பிச் சுற்ற வரவில்லை. கேமராவைத் திறக்காமல் ஸ்டூடியோவின் இருட்டறைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். ஆனால் சாலை எப்போது திறக்கும் என்று தெரியாது. மறுநாள் பக்கத்து ஊரில் ஒரு முகூர்த்தம் ஒப்புக்கொண்டிருந்தோம், அதற்கும் இதே கேமராதான். அங்கிருந்த மாட்டுக்கொட்டகையில் ஒரு கம்பளி கிடைத்தது. நான் கம்பளியைப் போர்த்திப் பிடித்துக்கொண்டேன். அவர் அதற்குள் கையை விட்டுக் கேமராவைத் திறந்து ஃபிலிமை எடுத்தார். எங்கேயோ கம்பளி விலகியது. சுற்றிய ஃபிலிமில் வெளிச்சம் முதலில் தாக்குவது மேல் சுற்றை. மேல் சுற்றில் இருப்பது கடைசியாக எடுத்த படம். காசு கொடுத்த காதுகுத்துக்காரர்களின் படமெல்லாம் பிழைத்தன. ஏழுமலையின் தோளிலிருந்து காது வரை ஒரு வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது.

இன்னொரு முறை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம். அதற்குள் கிணறு வெட்டும்போது மண் சரிந்து அந்தப் பையன் போய்விட்டான்.

அவன் அம்மா அஞ்சலை ஸ்டூடியோவைத் தேடி வந்தார். "மரத்து மேல நிக்க வெச்சி புடிச்சீங்களாமே" என்றார். வேறு படம் கிடையாது. கோவிந்தசாமி இரண்டு நாள் உட்கார்ந்து, பிரிண்டில் அந்தக் கோட்டைத் தூரிகையால் மறைத்தார். காது இருந்த இடத்தில் ஒரு காதை வரைந்தார். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அஞ்சலை அம்மாள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது எம்புள்ள காது இல்லீங்க. அவனுக்கு வெளிய தள்ளிக்கினு இருக்கும்."

கோவிந்தசாமி கோடு விழுந்த பிரிண்டை எடுத்து நீட்டினார். "இது இன்னாங்க வெள்ளையா?" என்று அஞ்சலை அம்மாள் கேட்டார். "எங்க தப்பும்மா. பொட்டிய வெளிச்சத்துல தொறந்துட்டோம்" என்றார் இவர். அந்த அம்மாள் வெகு நேரம் பார்த்தார். "செரி. காதுதான தெரியில, மூஞ்சி தெரியுது" என்று முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டாமல் போனதைத்தான் எங்கள் இருவராலும் தாங்க முடியவில்லை.

அன்றைக்குத் தொடங்கிய சண்டை. ஊரில் கூட்டாளிகள் 'உன் தப்பு' என்று அடித்துக்கொள்வார்கள். நாங்கள் என் தப்பு, என் தப்பு என்று அடித்துக்கொண்டோம். "கோடு மேலேயிருந்து இறங்குது. மேல் பக்கம் கம்பளியப் பிடிச்சது நான்" என்பேன். "பொட்டிய தலைகீழா புடிச்சிருந்தேன்யா, உனக்கு இன்னா தெரியும்" என்பார். கழித்துப்போட்ட ஃபிலிமைப் போட்டு, அதே மாதிரி கம்பளிக்குள் திறந்துகூடப் பார்த்தோம். அவர் செய்தால் அவர் பக்கம் கோடு விழும். நான் செய்தால் என் பக்கம். ஸ்டூடியோவை மூடிய பிறகும், பேரன்கள் வந்த பிறகும், பார்த்துக்கொண்டால் இதே பேச்சு. அவர் மனைவி டீயை வைத்துவிட்டு, "ஆரம்பிச்சிட்டாங்கய்யா" என்று உள்ளே போய்விடுவார்.

போன மாதம் கடைசியாகப் பார்த்தேன். படுக்கையில் இருந்தார். மூச்சு வாங்கியது. சென்ட் வாசம் மட்டும் இருந்தது. "தொறந்தது நானு. நீ சும்மா கம்பளி புடிச்சவன். இப்பவாச்சும் ஒத்துக்கய்யா" என்றார். நோயாளியோடு என்ன மல்லுக்கட்டுவது, ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். "சரிய்யா, உன் தப்புதான். போதுமா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்பிடியா" என்றார். பிறகு, "அப்ப என்னுதுதானா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்த பிறகுதான் உறைத்தது. இத்தனை வருடமும் அவர் தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டது, நான் 'இல்லை, என் தப்பு' என்று சொல்வேன் என்ற தைரியத்தில். ஆளுக்குப் பாதியாகத் தூக்கிக்கொண்டு வந்ததை, அவரால் எழுந்து உட்காரக்கூட முடியாத நேரத்தில், முழுதாக அவர் மேல் இறக்கி வைத்துவிட்டேன். மறுநாளே போய் மாற்றிச் சொல்லியிருக்கலாம். வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். ஒரு வேலையும் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, எதை எடுத்தாலும் முதலில் ஓரத்தைப் பார்க்கும் பழக்கம். ஏழுமலையின் அந்த ஃபிலிம் துண்டும் என்னிடம்தான் இருக்கிறது. எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டேன். அவரை அறிந்த உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்: கம்பளி விலகியது என் பக்கம்தான், கோவிந்து. இப்போது நீ 'இல்லை' என்று சொல்ல வேண்டும்.