நாட்டின் பெயரை விட்டு வாசித்த செய்தி

பேத்தியின் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. காலைக் கூட்டம் பிள்ளைகளைச் சிந்திக்கத் தெரிந்த உலகக் குடிமக்களாக ஆக்குமாம். ஒரே பக்கத்தில் ‘உலகம்’ ஏழு இடத்தில் வருகிறது. எண்ணிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். இந்த வயதில் ஏழு வரை எண்ணினாலே அலுப்பு வந்துவிடுகிறது.

நெய்வேலியில் நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது எங்களுக்கும் தினமும் காலைக் கூட்டம் உண்டு. பதினெட்டு வரிசை, வரிசைக்கு முப்பது பேர். கொடிக்கம்பத்தருகே நின்று ஒரு மாணவன் ஐந்து செய்திகள் வாசிக்க வேண்டும். வாரத்துக்கு ஒருவன். என் வாரத்தின் இரண்டாம் நாளில்தான் அது நடந்தது.

நாலாவது செய்தி, தென் அமெரிக்காவில் ஒரு சுரங்க விபத்து. அந்த நாட்டின் பெயரை முந்தின நாள் மாலை அப்பாவிடம் பதினோரு முறை சொல்லிப் பார்த்தும் நாக்கு புரளவில்லை. திக்கினால் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் அதையே எனக்குப் பட்டப்பெயராக வைத்துவிடுவார்கள். ஆகவே நாட்டை விட்டுவிட்டு, சுரங்கத்தில் மண் சரிந்து முப்பத்தொரு பேர் இறந்தார்கள் என்று மட்டும் கணீரென்று வாசித்தேன்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சுரங்கம் என்றால் அப்பா வேலைக்குப் போகிற இடம். ஐந்தாவதாகக் கிரிக்கெட் செய்தியை ஆரம்பித்தேன், கேட்க ஆளில்லை. வரிசைகள் அவிழ்ந்துவிட்டன. எட்டாம் வகுப்பு வரிசையில் நின்ற என் அக்கா, கழன்ற செருப்பைக்கூடப் பார்க்காமல் கேட்டை நோக்கி ஓடினாள். அப்பாவுக்கு அன்று முதல் ஷிப்ட், காலை ஆறு மணிக்கே சுரங்கத்துக்குப் போயிருந்தார். அவள் பின்னால் இருபது பேர் ஓடியது வரை எண்ணினேன். அதற்குமேல் முடியவில்லை.

தலைமையாசிரியர் தாளை என் கையிலிருந்து பிடுங்கி, நாட்டின் பெயரை இரண்டு முறை உரக்கச் சொன்னார். “நம்ம மைன்ஸ் இல்லடா, வெளிநாடு” என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. கைகூடத் தட்டினார்கள். ஓடியவர்களை வாட்ச்மேன் திருப்பி அனுப்பினார். மீதி மூன்று நாளும் வேறு பையன் வாசிப்பான் என்று தலைமையாசிரியர் அங்கேயே அறிவித்துவிட்டார்.

மாலையில் அக்கா அடிப்பாள் என்று இரண்டடி தள்ளியே நடந்தேன். அவள் அடிக்கவில்லை. குவார்ட்டர்ஸ் திருப்பத்தில் நின்று, “அந்த ஊர்ல அது எந்த ஷிப்ட்லடா ஆச்சு?” என்று கேட்டாள்.

“பேப்பர்ல போடலக்கா.”

“முதல் ஷிப்ட்டா இருந்தா, அங்கயும் பசங்க ஸ்கூல்ல நின்னுக்கிட்டு இருந்திருக்கும்.”

பறிபோன மூன்று நாள் வாசிப்பையே நினைத்துக்கொண்டு வந்த எனக்கு எரிச்சலாக இருந்தது. நம்ம அப்பா இரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்திருப்பார், அப்புறம் என்ன என்றேன். அவள் தாவணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். அப்பா பத்திரமாக இருக்கும்போது இன்னும் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.