பூங்காவில் முடிவான விலை

மான்மவுத் ஜங்ஷன் என்ற அமெரிக்க ஊரில் ஒரு வீட்டைவிட்டு வெளியே வந்து நடந்துகொண்டிருந்தேன். நடைபாதை பாதியிலேயே முடிந்துவிட்டது. அதற்கப்புறம் புல் ஓரமாகத்தான் போக வேண்டும். காரில் கொண்டுபோய் விடுவதாக வீட்டுக்காரர் சொன்னார். வேண்டாம் என்றேன். ஏறினால் இறங்கும்போது அவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.

நான் விற்றது ஒரு பாடம். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் அப்பா அம்மாக்களுக்காகத் தமிழில் எடுத்த சின்னச் சின்ன வீடியோக்கள். பிள்ளைகள் ஆபீஸ் போனபின் தனியாக இருக்கும் பகலை எப்படிச் சமாளிப்பது, தாளிக்கும்போது புகை அலாரம் கத்தினால் என்ன செய்வது, யார் தட்டினால் கதவைத் திறக்கக்கூடாது, நடக்கப் போய் வழி தவறினால் யாரிடம் எப்படிக் கேட்பது, இப்படி. நான் பத்தாவது தாண்டாதவன். டெக்சாஸில் காப்பெல் பக்கம் ஒரு கேட்டரிங் சமையற்கட்டிலும், கலிபோர்னியாவில் ஒரு மளிகைக் கடையிலும் கிடந்த வருஷங்களில் இதையெல்லாம் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். மூட்டை தூக்கியது போதும், தெரிந்ததை விற்றுப் பிழைக்கலாம் என்று தோன்றியது. முதுகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

பழைய போனிலேயே எடுத்து முடித்துவிட்டேன். விலை வைப்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

பிளெய்ன்ஸ்பரோ அடுக்ககங்களுக்கு நடுவே ஒரு பூங்கா உண்டு. காலையில் பெரியவர்கள் புடவைமேல் ஸ்வெட்டரும் காலில் மகனுடைய பழைய ஷூவுமாக நடக்க வருவார்கள். பாடத்தைப் பார்க்கப்போவது அவர்கள்தானே என்று அவர்களிடமே கேட்டேன்.

"இருபது டாலர் வைக்கலாமா, அங்கிள்?"

நான் கேட்டவர் ஊரில் வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நடை அப்படியே நின்றுவிட்டது. "இருபதா? ரெண்டாயிரம் ரூபா கிட்ட வருதேப்பா!"

"கையில என்ன குடுப்பே? புஸ்தகமா?" என்றார் அவர் மனைவி.

"இல்ல ஆன்ட்டி. போன்ல ஒரு லிங்க் வரும்."

"லிங்க்குக்கா ரெண்டாயிரம்? நல்லா ஆளைப் பாத்துக் கேட்டே. இவர் இங்க வந்ததுலேர்ந்து ஒரு காப்பி வாங்கித் தந்ததில்ல. விலை போர்டைப் பாப்பாரு, ரூபாயில பெருக்குவாரு, திரும்பிடுவாரு."

"நீ சும்மா இரு. தம்பி, அஞ்சு டாலர் வை. அதுவே ஜாஸ்தி."

அமெரிக்கா வந்த எந்தப் பெற்றோரும் விலைச்சீட்டை அதில் உள்ளபடி படிப்பதில்லை. தக்காளியோ முடிவெட்டோ, ரூபாயாக்கிப் பார்த்துவிட்டுத்தான் மூச்சே விடுவார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஐந்து டாலர் என்றே வைத்தேன். வாங்கப்போகிற பிள்ளைகளில் ஒருவரிடமும் கேட்கவில்லை.

சில பேர் வாங்கினார்கள். பிறகு அதுவும் நின்றது. அந்தச் சமயத்தில்தான் மான்மவுத் ஜங்ஷன்காரர் வீட்டுக்கு வரச் சொன்னார். சாஃப்ட்வேர் வேலை, அக்கம்பக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் போன் குரூப் நடத்துபவர். மொத்தமாக எல்லா வீட்டுக்கும் வாங்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு சட்டையை இஸ்திரி போட்டுப் போனேன்.

"ப்ரோ, கோர்ஸ் சூப்பர். அம்மா டெய்லி பாக்கறாங்க. நேர்ல தேங்க்ஸ் சொல்லணும்னுதான் கூப்ட்டேன். நம்ம குரூப்லயும் போட்டுட்டேன், எல்லாரும் டவுன்லோட் பண்ணிட்டாங்க. உங்களுக்கு ஃப்ரீ மார்க்கெட்டிங்!"

"அது காசு குடுத்து வாங்க வேண்டியதாச்சே, சார்."

"அஞ்சு டாலர்தானே ப்ரோ. அதுக்குப் போய் ஒவ்வொருத்தரும் கார்டை எடுப்பாங்களா? சும்மா பேருக்கு ஒரு விலை போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். ஐம்பது அறுபதுன்னு இருந்தா நானே ஷேர் பண்ணியிருக்க மாட்டேன்."

"ஐம்பதுன்னா வாங்கியிருப்பீங்களா?"

"அம்மா பகல் பூரா தனியா இருக்காங்க. மீட்டிங்ல உக்காந்திருக்கேன், மனசு இங்கதான் இருக்கு. நூறுன்னாலும் வாங்கியிருப்பேன். இப்ப விலையை ஏத்திடுங்களேன்."

"இனிமே யார் வாங்குவா? எல்லார்கிட்டயும்தான் இருக்கே."

அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவருடைய அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். "தம்பி, அன்னிக்கு மிளகா தாளிச்சேன், அலாரம் அலறிடுச்சு. நீ சொன்ன மாதிரியே ஜன்னலைத் தொறந்து துண்டால விசிறினேன். நல்லா இருப்பே." பிறகு மகனிடம் திரும்பினார். "ஆனா அஞ்சு டாலர் கொஞ்சம் அதிகம்தான்டா."

காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

புல்லில் நடந்தபோது புரிந்தது இவ்வளவுதான்: பாடத்தைப் பார்ப்பவர் ரூபாயில் பெருக்குகிறார், வாங்குபவர் மீட்டிங்கில் உட்கார்ந்து பயப்படுகிறார். விலை அந்தப் பயத்துக்கு. நான் அதைப் பூங்காவில் விசாரித்துக்கொண்டிருந்தேன். புரிந்து என்ன பயன்? அந்த வட்டாரம் முழுக்க என் குரல் இலவசமாகப் பேசிக்கொண்டிருந்தது. வேறு பாடம் எடுக்கலாம் என்றால், எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான்.

மறுநாள் காலை ஓர் இந்திய மளிகைக் கிடங்குக்கு வேலை கேட்டுப் போனேன். சூப்பர்வைசர் தமிழர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எவ்ளோ எதிர்பாக்கறீங்க?"

"நீங்களே சொல்லுங்க சார்."

சொன்னார். குறைவு என்று தெரிந்தது. சரி என்றேன். வாசலில் அரிசி வண்டி நின்றது. ஒரு ஜோடி கையுறையை என்னிடம் தூக்கிப் போட்டார்.