கசப்பு போன மாத்திரை

வெள்ளிக்கிழமைதோறும் காலையில் நான் ஒன்று போட்டுக்கொண்ட பிறகு என் மாத்திரை அட்டை காணாமல் போகும். மதியம் இரண்டு மணிக்கு மேல் ஃப்ரிட்ஜ் மேலிருக்கும் அதே டப்பாவுக்குத் திரும்பிவிடும். தொட்டால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும்.

எடுத்துப் போவது அத்தை என்று தெரியும். ஆம்பூரில் எங்கள் தெருப் பெண்கள் கூடி நடத்தும் உபவாச ஜெபத்துக்கு என் கணவரின் அம்மாவான அவர்தான் தலைமை. வீட்டில் யார் சாப்பிடும் மருந்தானாலும் கொண்டுவந்து ஒரே தட்டில் வைப்பார்கள். ஜெப எண்ணெய் தொட்டு, கை நீட்டி ஜெபிப்பார்கள். எனக்கு அப்போது ஏழாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. முதல் குழந்தையை இதே ஏழாம் மாதத்தில், இதே காரணத்தால்தான் இழந்திருந்தோம். காலை ஒன்று, இரவு ஒன்று, ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்று வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஜெபிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நானும் ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவள்தான். என் சந்தேகம் வேறு. ஒருநாள் சமையலறையில் அத்தை யாரிடமோ போனில் பேசியது காதில் விழுந்தது.

"இத்தினி மாத்திரை தின்னா புள்ளைக்கு இன்னாத்துக்கு ஆவும்? கொஞ்சம் கம்மி பண்ணா தேவல. மிச்சத்த கர்த்தர் பாத்துப்பாரு."

அன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். வெள்ளி காலையில் ஒன்று போட்டுக்கொண்டதும் மிச்சத்தை எண்ணி, காலண்டர் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பேன். மதியம் அட்டை வந்ததும் திரும்ப எண்ணுவேன். ஒருமுறையும் குறைந்ததில்லை. குறையாததும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. கணவரிடம் சொன்னேன். அவர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அப்போதுதான் வந்து, தோல் வாசனை போக சோப்பு போட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா இன்னா திருடியா? ஆறு போனா ஆறு வருதா இல்லியா?"

"வருதுங்க. அதான்..."

"அதான் இன்னா? எங்க கம்பெனில ஷூவ ஜோடி ஜோடியா செக் பண்றவங்ககூட இவ்ளோ பாக்கமாட்டாங்க."

வெட்கமாகப் போயிற்று. என் அவிசுவாசத்துக்காக அன்று ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்த வெள்ளியும் ஆறு போய் ஆறு வந்தது. அன்றிரவு சாப்பிட்டபின் போட்டுக்கொண்டபோது நாக்கில் என்னவோ குறைந்தது. வழக்கமாகத் தண்ணீரை விழுங்குவதற்குள் ஒரு கசப்பு தொண்டைவரை இறங்கும். அது இல்லை. மறுநாள் காலையிலும் இல்லை.

"அத்தை, இந்த மாத்திரை கசக்கவே மாட்டேங்குது."

அத்தையின் முகம் மலர்ந்தது. "ஸ்தோத்திரம்! மாரான்ற எடத்துல கசந்த தண்ணியயே தித்திப்பாக்குனவரும்மா அவரு. உன் மாத்திரை இன்னா பெரிசு?" உடனே ஜெபக்குழுவுக்கு வாய்ஸ் மெசேஜும் போட்டுவிட்டார்.

என்னை யாரும் வற்புறுத்தவில்லை. நானே நம்ப ஆசைப்பட்டேன். இந்தக் குழந்தை தங்கிவிடும் என்பதற்கு அது அடையாளம் என்று சனிக்கிழமை முழுவதும் வயிற்றைத் தடவியபடி நடந்தேன். இடையில் ஒருமுறை அட்டையைத் திருப்பியும் பார்த்தேன். பெயர் இருந்த பகுதியை மருந்துக்கடையில் எப்போதோ வெட்டியிருந்தார்கள். மிச்ச எழுத்துகள் எண்ணெயில் மசங்கிக் கிடந்தன. வெள்ளை, உருண்டை, எண்ணிக்கை சரி. அதற்குமேல் பார்க்கத் தோன்றவில்லை. பார்க்கப் பயந்தேன் என்பதுதான் சரியாக இருக்கும்.

ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்றபோது கண்முன் பூச்சி பறந்தது. வீட்டுக்கு வந்து பி.பி. மிஷினைக் கையில் சுற்றினேன். இதைத் தாண்டினால் உடனே வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா வட்டமிட்டுக் கொடுத்த எண்ணை அது தாண்டியிருந்தது.

உடனே காரில் வேலூருக்குக் கிளம்பினோம். முன்சீட்டில் அத்தையின் உதடுகள் வழியெல்லாம் ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தன. அவசரப் பிரிவில் நர்ஸ் என் பையிலிருந்து அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது இன்னாதும்மா?"

"பி.பி. மாத்திரை."

"இல்லியே. இது வயித்தெரிச்சலுக்குப் போடறதாச்சே."

நான் அத்தையைப் பார்த்தேன். குழந்தையின் நினைப்புக்கு முன்னால், பிடித்துவிட்டேன் என்ற நினைப்புதான் வந்தது. அதை இன்னும் யாரிடமும் சொன்னதில்லை.

அத்தை முகத்தில் அகப்பட்டுக்கொண்ட பயம் எதுவும் இல்லை. அன்று தட்டில் யார் யார் மருந்து வைத்தார்கள் என்று விரல்விட்டு எண்ணினார். பிறகு தெருக்கோடி வீட்டு அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏன்டி, உன் வயித்தெரிச்ச மாத்திரை கசக்குதா?"

"ஆமாக்கா, வெள்ளிக்கெழமைலேர்ந்து ஒரே கசப்பு. தல வேற சுத்துது. உபவாசம் இருந்ததுல ஆவியோட அபிஷேகம் எறங்குதுன்னு நெனச்சினு இருந்தேன்."

"அபிஷேகமும் இல்ல ஒண்ணும் இல்ல. அது என் மருமவளோட மாத்திரைடி! நிறுத்து!"

நர்ஸ் சிரித்துவிட்டார். என்னால் முடியவில்லை. என் வயிற்றில் பட்டையைக் கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அது கேட்கும்வரை அத்தையின் உதடுகள்கூட அசையவில்லை.

கேட்டது.

இரண்டு வாரம் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்து, பிறகு ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண். இரண்டு கிலோவுக்கும் கம்மி. கண்ணாடிப் பெட்டியில் பல நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அத்தை என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் ஜெபத் தட்டில் இப்போது ஒவ்வொருவர் மருந்தும் பெயர் எழுதிய தனிக் கவரில் இருக்கிறது. குழந்தையின் சொட்டு மருந்துக்கு ஜெபிக்குமுன் பாட்டிலை என் முகத்துக்கு நேரே காட்டுகிறார்.

"படிச்சிக்கோ. அப்புறம் ஜெபம் பண்றேன்."

"நான் இன்னா அத்தை, உங்கள நம்பமாட்டேனா?"

"மாட்டே. எனக்குத் தெரியும். படி."

படிக்கிறேன். அன்று போனில் பேசியதைப் பற்றி மட்டும் நான் இன்றுவரை கேட்கவில்லை. மருந்து எதுவரை இருக்கிறது என்று பாட்டிலில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். எண்ணெய்க் கை பட்டு அது அழிந்துபோனால், "இந்தா, கோட்டத் திருப்பிப் போட்டுக்கோ" என்று அத்தையே பாட்டிலை நீட்டுகிறார்.

நானும் போட்டுக்கொள்கிறேன்.