சில்வண்டு பிடித்த நாள்

திருமணமான ஒரே மாதத்தில் கணவர் சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்டார். பெரிய காஞ்சிபுரத்து வாடகை வீட்டில் நான் தனியாக இருந்தேன். அவர் விட்டுப்போன கையடக்க வீடியோ கேமில் ஒரு சின்ன கிராமம் உண்டு. அங்கே பருவத்துக்குப் பருவம் வேறு வேறு பூச்சிகள் வரும். வலை வீசிப் பிடிக்க வேண்டும். வாய் திறந்து பேச ஆளில்லாமல் நாள் முழுக்க அதிலேயே திரிவேன்.

ஒருநாள் காலை எதிர்வீட்டு அக்கா, "தண்ணி வந்துடுச்சும்மா, குடத்த எடுத்துக்கினு வா" என்று உள்ளே வந்தார். என் கையைப் பார்த்து, "இன்னாமா புடிச்சுக்கினு இருக்கிற?" என்றார்.

"சில்வண்டுக்கா. கோடையில மட்டும்தான் வரும். கிட்ட போனா பறந்துடுது."

பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா போம்மா" என்று கிசுகிசுத்தார், வண்டுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. அது வலையில் விழுந்ததும் கைதட்டிக் கத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. "நீ இரு, உன் குடத்தையும் நானே ரொப்பியாறேன்" என்று எழுந்து போனார்.

மாலையில் கணவர் போன் செய்தார். "இன்னிக்கு என்ன பண்ண?"

"சில்வண்டு புடிச்சோம்."

"புடிச்சோமா? யாரோட?"

சொல்ல வாயெடுத்தேன். அக்காவின் பெயர் எனக்குத் தெரியவில்லை. யாரும் என்னை விசாரிப்பதில்லை என்று நொந்துகொண்டிருந்த நான், ஒருவரையும் விசாரித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

போனை வைத்துவிட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.