மகள் எதிர் வீட்டில் படித்த உளவியல்

அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க என் மகள் ஒரு நுழைவுத் தேர்வு எழுதப் போகிறாள் என்று தெரிந்ததும் பெருமைப்பட்டேன். அந்தத் தேர்வில் உளவியலுக்கென்றே தனிப் பகுதி உண்டு என்று தெரிந்ததும் இன்னும் பெருமைப்பட்டேன். இரண்டாவது பெருமையில் அவளுக்குப் பங்கு கிடையாது. மனம், மூளை, கண் ஏன் ஏமாறுகிறது, காது எதைக் கேட்காமல் விடுகிறது என்று நான் வாங்கிச் சேர்த்த புத்தகங்கள் வீட்டில் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. ஓசூரில் கார் உதிரி பாகம் செய்கிற ஆலையில் தரம் பார்க்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று மனைவி பல வருஷமாகக் கேட்டு வருகிறாள். கடைசியில் ஒரு பதில் கிடைத்துவிட்டது. மகள் கேட்பாள், நான் சொல்லித் தருவேன்.

மகள் கேட்டாள். எதிர் வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டாள்.

எதிர் வீட்டுக்காரர் எங்கள் ஆலையிலேயே உற்பத்திப் பிரிவில் சூப்பர்வைசர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். செய்தித்தாளில் ராசிபலனைத் தாண்டி அவர் எதையும் படித்து நான் பார்த்ததில்லை. என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று அளக்க எங்கள் ஆலையில் கருவி இல்லை. அவர் ஆட்கள் செய்து அனுப்புவதை நான் பார்த்து, ஆகாததைச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். அவர் வந்து அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதுக்கு என்ன கேடு என்பார். இருபது வருஷமாக எங்கள் நட்பு இப்படித்தான் நடக்கிறது.

இப்போது தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு என் மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். பெங்களூரில் பட்டப்படிப்பு முடித்த பெண், ராசிபலன் வாசகரிடம் என்ன கற்றுக்கொள்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஜன்னல் வழியாகச் சிரிப்புச் சத்தம் வந்தது. நான் அலமாரிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, ஒரு புத்தகத்தை விரித்தபடி உட்கார்ந்திருந்தேன். யாராவது பார்த்தால் கேட்கத் தோன்றும் இல்லையா?

ஒருநாள் சாப்பிடும்போது அவள் தன் அம்மாவிடம் அன்றைய பாடத்தைச் சொன்னாள். இருப்பதைப் பார்க்காமல் விடுவது ஒரு தப்பாம், இல்லாததை இருக்கிறது என்று சொல்வது இன்னொரு தப்பாம். முதல் தப்புக்கு ரொம்பப் பயப்படுகிறவன் இரண்டாவது தப்பை அள்ளி அள்ளிச் செய்வானாம்.

"மாமா ஒரு எக்ஸாம்பிள் சொன்னாரும்மா. ஒரு இன்ஸ்பெக்டராம். கம்ப்ளைண்ட் வந்துருமோன்னு பயந்துக்கிட்டு நல்ல பீஸையெல்லாம் சிவப்புத் தொட்டில போட்டுருவாராம்."

மனைவி சாம்பார்க் கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "அப்படிப்பட்ட ஆளும் இருக்காங்களா?" என்றாள்.

அதே பாடம் என் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. அதை என் மகளுக்குச் சொல்லித் தந்தவர் அவர். உதாரணமாகப் போனவன் மட்டும் நான். அன்றைக்கு எனக்குத் தயிர்ச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஆலையிலிருந்து ஒரு செக் ஷீட் கொண்டு வந்தேன். குறைகளைக் கோடு போட்டு எண்ணுவதற்கான தாள் அது. நாலு கோடு, மேலே ஒரு குறுக்குக் கோடு. மகள் எதிர் வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. போன நேரம், வந்த நேரம், குறிப்பு என்று கட்டங்கள். குறிப்பில், 'சிரிப்பு, மூன்று முறை' என்றெல்லாம் எழுதினேன். இரண்டு வாரத்தில் தாள் நிரம்பியது. அதை அவள் முன்னால் வைத்து, பேச்சே இல்லாமல் வழக்கை ஜெயித்துவிடலாம் என்று திட்டம்.

அதற்குள் அவளே அதை அலமாரியில் பார்த்துவிட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அங்க போனதுக்குக் கோடு இருக்கு. உங்ககிட்ட வந்ததுக்கு எங்கப்பா கோடு?"

"நீ எங்க வந்த?"

"காது எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டேன். முதல்ல இதப் படின்னு ஒரு தலகாணி சைஸ் புக்க கையில குடுத்தீங்க. ஞாபகம்னா என்னன்னு கேட்டேன். கேள்வியே தப்புன்னீங்க. மூணாவது தடவ கேக்கவே விடல, நான் பாதி சொல்றதுக்குள்ள நீங்க பதில் சொல்லிட்டீங்க. அந்த மாமாவுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. தெரியாதுன்னு சொல்லிட்டு உக்காந்து கேப்பாரு. அவருக்குச் சொல்லிச் சொல்லித்தான் எனக்கே மனசுல நிக்குது."

நினைத்ததற்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கி எண்ணுவதற்கு அவள் பாடத்தில் ஒரு பெயர் இருக்கிறது. எனக்கும் தெரியும். சொல்ல வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன். அந்த மாதத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அவளும் கவனித்திருக்க வேண்டும். ஒரு சோதனைக்கு ஆள் வேண்டும், மாமாவுக்கு வைத்தாயிற்று, நாளைக்கு நீங்கள் வருகிறீர்களா என்றாள். ஒரே நிபந்தனை, வாயைத் திறக்கக் கூடாது.

மறுநாள் ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்திலேயே சோதனை நடந்தது. மனைவி சமையலறையில் துணிப்பைகளில் ராகியை நிரப்பி, எண் போட்டு அனுப்பினாள். எது கனம் என்று மகளுக்கும் தெரியாது. தெரிந்தால் முகத்திலேயே காட்டிக் கொடுத்துவிடுவாளாம். ஒவ்வொரு தடவையும் இரண்டு பைகளைக் கையில் தூக்கிப் பார்த்து, எது கனம் என்று கை நீட்டிக் காட்ட வேண்டும். இருபது தடவை. முடி அளவு வித்தியாசத்தைக் கையால் தடவியே சொல்கிறவன் நான். அலட்சியமாகக் காட்டினேன்.

இருபதுக்குப் பதினொன்று. தூக்கியே பார்க்காமல் சொல்லியிருந்தாலும் பத்து வந்திருக்கும்.

அது போகட்டும். எனக்குத் தெரிய வேண்டியது வேறு.

"மாமாவுக்கு எத்தனை?"

"அதச் சொல்லக் கூடாதுப்பா. சோதனைக்கு வந்தவங்க ரிசல்ட்ட இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாது. அதுவும் பாடத்துல இருக்கு."

கெஞ்சிப் பார்த்தேன். கூடவா குறைவா என்று தலையை மட்டும் ஆட்டச் சொன்னேன். அசையவில்லை. இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று மனைவி சமையலறையிலிருந்தே சொன்னாள்.

சற்று நேரத்தில் கேட் சத்தம். எதிர் வீட்டுக்காரர். ராயக்கோட்டை ரோட்டில் தக்காளி நல்லதாகக் கிடைத்தது என்று ஒரு பையை நீட்டினார். தக்காளிக்காக வந்த முகம் இல்லை அது.

"அண்ணாச்சி, ஒங்களுக்கும் ராகி மூட்ட வச்சாளாமே பாப்பா. எத்தன வந்துச்சு?"

"அதச் சொல்லக் கூடாதுங்க. பாடத்துல இருக்கு" என்றேன்.

அவர் தக்காளிப் பையைக் கொடுத்த பிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகப் போயிற்று.