தெளிந்த தண்ணீரில் ஒரு கரண்டி சாயம்

செம்பூர் ஸ்டேஷனில் லோக்கல் ரயிலுக்காக நின்றபோது எங்கள் ஃபோர்மேன் என் கையைப் பிடித்து, "விசு போயிட்டார்" என்றார். வண்டி வந்தது, நான் ஏறவில்லை. மாட்டுங்கா கெமிஸ்ட் விசுவநாதனை அறிந்த உங்களுக்கும் அன்று ஏற மனம் வந்திருக்காது.

சீன யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் சாயத் தொழிற்சாலை லேபில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. கழிவுநீரைக் கரியால் வெளுக்கலாம் என்று பிடிவாதமாகச் சொன்னவர் விசு. மாட்டுங்காவில் எந்தத் தமிழ்க் கல்யாணமானாலும் விருந்து முடிந்ததும் சமையல்கட்டில் போய் நிற்பார், தேங்காய்ச் சிரட்டைக்காக. அதைக் கரியாக்கி, பழுக்கக் காய்ச்சி நீராவி விட்டால், கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறந்து சாயத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். எல்லார் முகத்திலும் கரியைப் பூசப்போகிறீர் என்று கேலி செய்தேன்.

பீப்பாயில் கரியை நிரப்பி ஊதாத் தண்ணீரை விட்டோம். அடியில் பளிங்காக இறங்கியது. மானேஜர் சொன்னபடி, 'சுத்தமான நீர்' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விசு மட்டும் அந்தத் தண்ணீரையே வெறித்துக்கொண்டிருந்தார். சாயத்தைப் பிடித்த கரி, அதோடு வந்த நைட்ரைட் என்ற நச்சு உப்பைப் பிடிக்கவில்லை என்பதைச் சோதித்துக் கண்டுபிடித்தார்.

மறுநாள் காலை, மதிலுக்கு வெளியே கழிவுநீர்க் குழாய் வாயில் ஒரு குடம் இருந்தது. கோவண்டிப் பக்கத்துக் குடிசைவாசி செல்லக்கனி, குழந்தைக்குக் கஞ்சி வைக்கத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். விசு ஓடிப்போய்த் தடுத்தார்.

"கலரா வரும்போது நாங்க கிட்டயே வரல. இன்னைக்கு நல்லாத்தான சார் இருக்கு?" என்றார் அந்த அம்மாள்.

விசு உள்ளே வந்தார், ஒரு கரண்டி ஊதாச் சாயத்தை எடுத்து, வெளியேறும் தண்ணீரில் கொட்டினார்.

"உப்பை எடுக்கத் தெரியறவரைக்கும் கலர் இருக்கட்டும் ஓய். அவா குடிக்காம இருக்கிறதே அதனாலதான்."

தினமும் கொட்டினார். பிடிபட்டார், வேலை போயிற்று. என் அறிக்கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அதன்பிறகும் சனிக்கிழமைகளில் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். "இன்னிக்கு என்ன கலர்?" என்பார். "ஊதா" என்பேன். சிரித்துவிட்டுப் போவார்.

உப்புக்கு வழி இன்னும் அகப்படவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கரண்டி வேலையைத்தான். நான் கொட்டும் கலர், கரி பழசானதால் வருகிறது என்று மானேஜர் நம்பிக்கொண்டிருக்கிறார். அவரும் தமிழர், இந்த அஞ்சலியைப் படிப்பார். படிக்கட்டும்.