கெசையாவின் மூலை மனை

கெசையா அதிகம் பேச மாட்டாள். பேசினால் எதிராளி வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவான். எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும்.

ஓஹியோ ஆற்றங்கரையில் காட்டை வெட்டி, முளைக்குச்சி அடித்து, கேப்டன் ரட்டக் ஊரை உண்டாக்கிய வருஷம் அது. ஊருக்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டார், வெட்கமே இல்லாமல். ஆள் சேர்க்க ஓர் அறிவிப்பும் விட்டார்: ஊரில் பிறக்கும் முதல் குழந்தைக்குப் படகுத்துறை மூலை மனை இலவசம்.

நிறைமாதக் கெசையாவும் புருஷன் லெமுவேலும் தட்டைப் படகில் வந்து சேர்ந்தார்கள். நாங்கள் எல்லோரும் அவரவர் வந்த படகைப் பிரித்து, அந்தப் பலகையில்தான் வீடு கட்டினோம். அவர்களுக்கு மனை வாங்க வழியில்லை. படகைக் கரையில் கட்டி அதிலேயே குடியிருந்தார்கள். அந்த மூலை மனை கிடைக்காவிட்டால் மறுபடி ஆற்றோடு போக வேண்டியதுதான்.

மார்ச் மழையில் வலி எடுத்தது. என் மனைவி உதவிக்கு ஓடினாள். கேப்டனும் கரைக்கு வந்து நின்றார்.

“படகுல பொறந்தா செல்லாது, லெமுவேல். என் ஊரு கரையோட முடியுது.”

“என்ன கேப்டன், ரெண்டடி தண்ணி! கயிறு உங்க மரத்துலதானே கட்டியிருக்கு?”

“கயிறா புள்ள பெக்குது?”

அடப்பாவி மனுஷா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. என் மனைப் பத்திரத்தில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

எல்லாவற்றையும் உள்ளிருந்து கேட்ட கெசையா எழுந்தாள். என் மனைவி தடுக்கத் தடுக்க, நடைபலகை வழியாக இறங்கிச் சேற்றில் உட்கார்ந்தாள். கொட்டும் மழையில் அங்கேயே பையன் பிறந்தான்.

கேப்டன் வேறு வழியில்லாமல் குழந்தை பெயருக்குப் பத்திரம் எழுதினார். நனைந்த குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஒன்பதாம் நாள் போய்விட்டான்.

அடுத்த வாரம் கேப்டன் மனைக்கு வந்தார். லெமுவேல் படகுப் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா மனை புள்ளைக்குன்னு குடுத்தது. புள்ளையே இல்லேன்னா...”

கெசையா அவரை மனையின் கோடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே முழ நீளத்துக்குப் புது மண் மேடு.

“இங்கதான் இருக்கான். நீங்க குடுத்த எடத்துலதான் இருக்கான். தோண்டி அவன வெளிய வச்சுட்டு, மனைய எடுத்துக்கங்க.”

மண்வெட்டியை நீட்டினாள். கேப்டன் அதைத் தொடவில்லை.

முப்பத்தோரு வருஷம் அவள் அந்த மனையில் குடியிருந்தாள். வேறு குழந்தை பிறக்கவில்லை.